கறிவேப்பிலைக்குப் போன தண்ணீர்

என் மனைவி பவுனைப் பற்றி அவள் முன்னால் நாலு வார்த்தை பெருமையாகச் சொல்லிவிட முடியாது. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். போய்ப் பார்த்தால் அடுப்பில் பாலும் இருக்காது, தீயும் இருக்காது. அதனால் அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இது புனேயில் ஒரு ஆஸ்பத்திரியின் கேண்டீன். பவுன் மேலே இரண்டாவது மாடியில் வேலையாக இருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் இப்படித்தான்.

என் பெயர் ஜெபகுமார். ஊர் நாசரேத் பக்கம். பத்தொன்பது வயதில் ரயிலேறி வந்து கட்கி ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்து, இப்போது ரிடையரானவன். நாற்பத்தோரு வருஷ சர்வீஸில் கடைசி இருபது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். ஒவ்வொரு சாமானையும் அளவுகோல் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் திருப்பி அனுப்புவது என் வேலை. அளவு தப்பினால் ஜெபகுமார் சொந்தத் தகப்பனையே திருப்பி அனுப்பிவிடுவான் என்று செக்‌ஷனில் சொல்வார்கள். அது பாராட்டா வசவா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

பவுன் தளேகாவில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக விடியற்காலை லோக்கல் ரயிலைப் பிடித்துப் போய்வருகிறாள். சமைப்பது, துவைப்பது, மகள் ஜான்சியைப் படிக்க வைத்து மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பியது எல்லாம் அவள்தான். வீட்டில் என் பங்கு ஒன்றே ஒன்று. அவள் கிளம்பும்போது ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி நிரப்புவேன். சாயந்தரம் பாட்டில் காலியாகத் திரும்பி வரும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

போன வருஷம் அவளுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெட்டிச் சேர்த்த இடம் ஆறும்வரை சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் மேல் திறந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள். கழிவெல்லாம் அந்தப் பையில் விழும். ஐந்து வாரம் கழித்து கீமோ மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், அது முடிந்தபின் பையை எடுத்துக் குடலைச் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். மருந்துக்குத் தேதியும் குறித்துக் கொடுத்தார். இந்தத் தேதி தவறக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

டிஸ்சார்ஜ் அன்று ராஜஸ்ரீ என்ற நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே அச்சடித்த நோட்டீஸைக் கையில் திணித்து அனுப்புவதில்லை. வீட்டுக்குப் போகிறவரிடம் கேள்வி கேட்டு, அவருடைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு, அவருக்கென்றே ஒரு தாள் தயாரித்துக் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள், வீட்டில் கழிப்பறை எத்தனை, எதைக் கண்டால் பயம். இப்படி ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி.

அவளுக்குப் பாஷை வராது, என்னைக் கேளுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். டாண் டாண் என்று சொன்னேன். கழிப்பறை ஒன்று, தொந்தரவு ஒன்றுமில்லை. பயமா, இவளுக்கா, அதெல்லாம் கிடையாது. தண்ணீர் வெளியே ஒன்றரை லிட்டர், வீட்டில் ஒன்றரை லிட்டர், ஆக மூன்று, பாட்டிலை நானே நிரப்புகிறேன். ராஜஸ்ரீ நடுவில் இரண்டு தடவை பவுன் பக்கம் திரும்பி, "காகூ, தும்ஹீ சாங்கா," நீங்களே சொல்லுங்கள் அத்தை, என்றாள். பவுன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நானும் அடுத்த பதிலைச் சொன்னேன்.

சாயந்தரம் இந்தியில் இரண்டு பக்கத் தாள் வந்தது. மேலே பவுன் பெயர். எனக்கு அந்தத் தாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஃபேக்டரியில் வேலைக்கு முன்னால் கையில் கொடுக்கும் டிராயிங் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டிருந்தது. வேர்க்கடலையும் சோளமும் ஆறு வாரத்துக்குக் கூடாது. பை வைத்தவர்களுக்கு உடம்பில் இருக்கும் நீரும் உப்பும் சீக்கிரம் வெளியேறிவிடும். நீங்கள் ஏற்கெனவே மூன்று லிட்டர் குடிக்கிறவர், அதனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதில் ஒரு லிட்டரை உப்புச் சர்க்கரைக் கரைசலாக மாற்றிக்கொண்டால் போதும்.

தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தினமும் பாட்டிலில் தண்ணீரும் கரைசலும் நிரப்பி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பேன். ராத்திரி பார்த்தால் காலி. பென்சிலால் ஒரு டிக். பத்து நாள், பத்து டிக்.

பதினோராம் நாள் காலை, பாத்ரூம் போக எழுந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். கெண்டைக்கால் சதை இழுத்துக் கட்டிபோல் நின்றது. நாக்கு காய்ந்து வெளுத்திருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். ஜான்சிக்குப் போன் போட்டேன். மகர்பட்டாவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். பையில் விழும் அளவும் அதிகமில்லை. தாளில் பார்த்தால் மூன்று லிட்டர் குடிக்கிறார். அப்புறம் எப்படி உடம்பு வற்றும்? சிறுநீரகத்திலேயே வேறு நோய் ஏதாவது இருக்க வேண்டும், அதற்கான டாக்டரை வரவழைத்து, ஸ்கேன் எடுத்து, காரணம் தெரியும்வரை கீமோ கொடுக்க முடியாது என்றார். தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று ஜான்சி கேட்டாள். தள்ளிப்போகாமல் இருப்பது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். தாளில் எழுதியபடி ஒரு சொட்டுக் குறையாமல் கொடுத்தேன், பத்து டிக் போட்டிருக்கிறேன், தப்பு உங்கள் பக்கம் என்று வார்டு அதிரக் கத்தினேன். ராஜஸ்ரீ டிரிப் பாட்டில் எடுத்து வரப் போனாள். ஜான்சி பில் கவுண்டருக்குப் போயிருந்தாள். பவுன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, சத்தம் போடாதீங்க. நான் அவ்வளவு தண்ணி குடிக்கல."

பாட்டில் தினமும் காலியாகத்தானே இருந்தது என்றேன்.

"பால்கனிச் செடிக்கு ஊத்திட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள்.

"ஃபேக்டரிக்குக் குடுத்து விடுத தண்ணியும் அப்படித்தான். அங்க கேட்டுப் பக்கத்துல ஒரு கறிவேப்பில நிக்கி. இருவத்திரெண்டு வருசமா அதுக்குத்தான் ஊத்துதேன். நீங்க ரசத்துல திங்கிற கறிவேப்பில பின்ன எங்க இருந்து வருதுன்னு நெனச்சீங்க?"

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டிய தண்ணீர். இருபத்திரண்டு வருஷம். ஒரு செடிக்கு.

அப்புறம்தான் காரணம் வந்தது. பேக்கிங் செக்‌ஷனில் நாற்பது பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அது பழைய இரும்பு கொட்டும் இடத்தைத் தாண்டி இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். சேர்ந்த முதல் மாசமே பவுன் விடியற்காலையிலிருந்து சாயந்தரம் வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். உடம்பும் அதற்குப் பழகிவிட்டது. இப்போது இந்தப் பை வேறு. குடித்தால் பை நிறையும், நிறைந்தால் பாத்ரூம் போக வேண்டும். காலையில் ஆறு மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பேப்பரும் கையுமாக நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். குடிக்காவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று அவளே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள்.

இதை ஏன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஆசையா ரொப்பித் தாரீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். டிரிப் ஏறினால் அவள் தெளிந்துவிடுவாள், என் மூன்று லிட்டர் கதையும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் டாக்டர் இல்லாத நோயைத் தேடிக்கொண்டு அலைவார், அதற்குள் கீமோ தேதி கடந்துவிடும். என் சர்வீஸில் ஒரு தடவை நாலாயிரம் சாமானைத் திருப்பி அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, சாமானெல்லாம் சரி, என் அளவுகோல்தான் தேய்ந்து போயிருந்தது. அன்றைக்கு மேலதிகாரி முன்னால் போய் நிற்க நடந்த அதே நடை, ராஜஸ்ரீ இருந்த மேஜைக்குப் போன பத்தடியிலும் இருந்தது.

அந்தத் தாளில் இருக்கும் பதில் எல்லாம் என்னுடையது, அவளுடையது இல்லை, நான் அவளைக் கேட்கவே இல்லை என்று இந்தியில் சொன்னேன். கல்யாணமான முப்பத்தோரு வருஷமாகக் கேட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உடனே டாக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஸ்கேனை நிறுத்தி, இரண்டு நாள் டிரிப் ஏற்றிப் பார்ப்போம் என்றார் அவர். மறுநாள் பவுன் எழுந்து உட்கார்ந்ததும் ராஜஸ்ரீ ஒரு புதுத் தாளோடு வந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள் இந்தியில்.

அவளுக்குப் பாஷை வராதே என்றேன். அதையும் காகூவிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

நான் போகவில்லை. திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே என் மனைவி மராத்தியில் பேச ஆரம்பித்தாள். ஐயா, அது என்ன மராத்தி! நான் ஃபேக்டரியில் பேசிய கைகால் முறிந்த இந்தி மாதிரி இல்லை. இருபத்திரண்டு வருஷம் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் பூக்காரி, டீச்சர், போலீஸ்காரி எல்லோரோடும் இடித்துக்கொண்டு நின்று கற்ற மராத்தி. ஏற்றம், இறக்கம், இடக்கு, எல்லாம் இருந்தது. ராஜஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். நாற்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசத் தெரியாத நான், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்றேன். அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது என் பெண்டாட்டி பேசுகிற பேச்சு.

எதைக் கண்டால் பயம் என்ற கேள்வி வந்தது. பயம் கிடையாது என்று நான் எழுத வைத்த கேள்வி. ரயில் கூட்டத்தில் பை பிரிந்துகொண்டால் என்ன செய்வது என்று பயம் என்றாள் பவுன். இன்னொன்றும் இருக்கிறது என்றாள். இந்தப் பையை அவர் பார்த்துவிட்டால், முகம் சுளித்துவிட்டால், அதை என்னால் தாங்க முடியாது.

அந்த வாக்கியம் மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கேண்டீனுக்கு வந்து டீ வாங்கினேன், அது ஏடு படிந்து ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போனபோது பவுன் மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ராஜஸ்ரீ மராத்தியில் சொல்லச் சொல்ல, இவள் தமிழில் எழுதினாள். எட்டாம் வகுப்பு மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, குண்டு குண்டாக, வரி கோணாமல். மளிகைச் சீட்டைத் தவிர அவள் எழுதி நான் பார்த்ததில்லை. இந்தத் தாளை நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் வரி, காலை ஆறு மணிக்கு பாத்ரூம் எனக்கு.

அடுத்தது, வெறும் தண்ணீர் எனக்கு இறங்காது, அதனால் வடித்த கஞ்சி, மணிக்கு ஒரு டம்ளர். அதில் உப்பு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டு ஸ்பூன் கணக்கு எழுதியிருந்தாள். கஞ்சி பவுனுடைய யோசனை. ராஜஸ்ரீ அதைக் கேட்டு, இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னாளாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். வெளியே போனால் கைப்பையில் மாற்றுப் பை ஒன்று, மாற்றுப் புடவை ஒன்று. நாக்கு வறண்டாலோ, கால் இழுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, யாரையும் கேட்காமல் நானே போன் பண்ண வேண்டும். கீழே ராஜஸ்ரீயின் நம்பர்.

கடைசி வரியை அவள் கையால் மறைத்துக்கொண்டாள். நான் கையை நகர்த்திவிட்டுப் படித்தேன். பை மாற்றும்போது அவங்க கூட இருக்கணும், பழகட்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் கூட இருந்தேன். முதலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பை ஒட்டுகிற தகட்டில் ஓட்டை வெட்ட வேண்டும், அந்த ஓட்டை குடல்வாயின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், பெரிதானால் தோல் புண்ணாகும், சின்னதானால் குடலை அழுத்தும் என்று அவள் சொன்னதும், தகட்டை நான் வாங்கிக்கொண்டேன். அளவு என்றால் அது என் தொழில் அல்லவா? பழைய ஸ்கேலை எடுத்து அளந்து, இருபத்தெட்டு மில்லிமீட்டர், கத்தரியால் ஒரு பிசிறில்லாமல் வெட்டினேன். ஒட்டி அழுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அவ்வளவு நேரமாக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாஸ்," என்றாள்.

என் சர்வீஸில் நான் ஆயிரக்கணக்கில் போட்ட முத்திரை அது. என் மேல் ஒருவர் போட்டது அதுதான் முதல் தடவை.

சிறுநீரகம் சரியானது. குறித்த தேதியில், குறித்த நேரத்தில், பவுன் கீமோ நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் கஞ்சிச் செம்பு. ஆறு மாசம் முடிந்து, பையையும் எடுத்துக் குடலைச் சேர்த்தாயிற்று. வேலைக்குத் திரும்பிப் போன முதல் நாளே மேனேஜர் அறைக்குள் நுழைந்து மராத்தியில் ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அந்த வாரமே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. பாட்டில் இப்போதும் காலியாகத்தான் வருகிறது, அவள் குடித்துக் காலியாகிறது. கறிவேப்பிலைக்கு நான் தனியாக ஒரு பாட்டில் கொடுத்து விடுகிறேன். அதைக் கொதிக்க வைப்பதில்லை.

ஃபேக்டரிக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு உட்கார முடியுமா என்று ராஜஸ்ரீ கேட்டாள். இது மூன்றாவது மாசம். தமிழோ மராத்தியோ, பவுன்தான் கேட்கிறாள். அவர்கள் வாயால் சொல்வதை ராஜஸ்ரீ தாளாக்குகிறாள். திரையை இழுத்துவிட்டுப் பவுன் செய்யும் முதல் காரியம், கூட வந்த ஆண்பிள்ளையை டீ குடிக்க அனுப்புவது.

இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி, கையில் ஃபைல், முகத்தில் கடுகு வெடிக்கிறது. பெயர் ஸ்வாமிநாதன், விஷ்ராந்த்வாடியில் இருக்கிறார், பேங்கில் மேனேஜராக இருந்து ரிடையரானவர். மனைவி அபயாம்பாளுக்கு ஆபரேஷன் ஆகி இன்றைக்கு டிஸ்சார்ஜ். நான் தமிழ் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"மேல ஒரு அம்மா என்னை வெளில போகச் சொல்லிட்டா சார். அபயாவுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. எல்லாம் நான்தான் ஃபைல் போட்டு வச்சிருக்கேன்."

அந்த அம்மா என் வீட்டுக்காரி என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, பக்கத்து மேஜைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அவர் தணிந்தபாடில்லை. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தார்.

"அப்படி என்னதான் பேசறா ரெண்டு பேரும்? எவ்வளவு நேரமாகும்?"

கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டேன்.

"நாப்பத்திரெண்டு."

நான் கேண்டீன்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

"அப்ப இன்னொரு டீ சொல்லுதேன் சார்."